தாளத்தில் விழுந்த பள்ளம்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் ஒரு வர்ணம் ஆடப்பட்டதை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நட்டுவாங்கமும் பாட்டும் மிருதங்கமும் கணிப்பொறியிலிருந்தே ஒலித்தன. ஐதராபாத்தில் முழுப் பக்கவாத்தியக் குழுவை அமர்த்துவது மாணவர் சங்கத்தின் பணப்பைக்கு எட்டாத காரியம். ஒத்திகையில் வேண்டிய இடத்தைத் திரும்பத் திரும்பப் போட வசதியாக இருக்குமென்று பல்லவி, முத்தாயி சுவரம், சரணம் என அப்பதிவை மூன்று எம்.பி.3 கோப்புகளாக வெட்டியவன் இக்கட்டுரை எழுதுபவனே. விழாவிலும் அவற்றையே வரிசையாக ஓட்டினேன். ஒவ்வொரு சந்தியிலும் தாளம் தடுக்கிற்று. ஆடிய நங்கையின் கால் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். அந்தப் பள்ளம் எங்கிருந்து வந்தது?

குறுந்தட்டின் தரத்தில் ஒரு நொடி ஒலி 44,100 எண்களாகப் பதிவாகிறது. எம்.பி.3 முறை அவற்றை 1,152 எண்கள் கொண்ட மூட்டைகளாகவே கட்டும். கடைசி மூட்டைக்கு நெல் போதாவிட்டால் பதரிட்டு நிரப்பும். இங்கே பதர் என்பது மௌனம். தொடக்கத்திலும் இதே கதைதான். லேம் என்னும் மென்பொருள் கட்டும்போது வழக்கமாக 576 எண்களுக்கு மௌனம் சேர்கிறது. பிரிக்கும்போது 529 எண்கள் சேர்கின்றன. முன்னும் பின்னும் கூட்டினால் ஏறத்தாழ நொடியில் இருபதில் ஒரு பங்கு வரை போகலாம். அடுத்த கோப்பைத் திறக்கும் நேரம் தனி.

இருபதில் ஒரு பங்குதானே என்று எண்ணலாகாது. ஓர் அட்சரம் அரை நொடியானால், 'தகதிமி'யின் ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைப்பது நொடியில் எட்டில் ஒரு பங்கே. அதில் ஏறக்குறைய பாதியை மௌனம் விழுங்கிவிட்டால் கால் எங்கே விழும்?

சேர்ந்த பதர் எவ்வளவு என்பதை லேம் கோப்பின் தலைப்பிலேயே குறித்து வைக்கிறது. அதைப் படித்து நீக்கும் இயக்கிகளும் உண்டு, படிக்காதவையும் உண்டு. ஃபிளாக் முறையில் எண்களின் தொகை துல்லியமாகப் பதிவாவதால் பதருக்கு இடமில்லை. மேடைக்கோ ஒரே கோப்பே சிறந்தது. ஒத்திகைக்கு அதில் நிமிடக் குறிப்பு எழுதிக்கொண்டால் போதும். ஒட்டவேண்டியிருந்தால் மூலப்பதிவிலிருந்தே ஒட்டவேண்டும்.

வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. ஒலியலை எழும்பி நிற்கும் இடத்தில் வெட்டினால் 'டக்'கென்று கேட்கும். சுழியைத் தொடும் இடத்தில் வெட்டி, இரு முனைகளும் சில மில்லிநொடி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இணைக்கவேண்டும். ஒலிநாடாக் காலத்தில் நாடாவைச் சாய்வாக வெட்டி ஒட்டியதும் இதற்காகவே. பதிவில் புகுந்த இருமலை அழித்து மௌனமாக்கினால் தம்புராவும் கூடவே நின்றுவிடும். ஆலாபனையாயின் அத்துண்டையே எடுத்துவிட்டு இணைக்கலாம். தாளத்தோடு வரும் பகுதியிலோ எடுத்தால் ஒரு முழு ஆவர்த்தனத்தை எடுக்கவேண்டும், அதுவும் சாகித்தியம் இடங்கொடுத்தால். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு இரவுகள் ஆயின.

அந்த வர்ணம் இப்போது ஒரே கோப்பாக இருக்கிறது. அடுத்த விழாவிலும் ஆட அந்த நங்கை இசைந்திருக்கிறார். கணிப்பொறி அருகே நான் மட்டும் நிற்கக்கூடாதாம்.