அவரிடம் கேட்டீர்களா?



பர்சில்லாய் என்னும் பெயரை ஞாயிறு மறையுரைகளில் நாம் அதிகம் கேட்பதில்லை. கிலயாது நாட்டைச் சேர்ந்த செல்வந்தர் அவர். சொந்த மகன் அப்சலோமின் கலகத்துக்கு அஞ்சித் தலைநகரை விட்டு ஓடிவந்த தாவீது அரசருக்கும் அவருடைய ஆட்களுக்கும் படுக்கையும் பாத்திரமும் தானியமும் தேனும் கொடுத்து ஆதரித்தவர்களுள் ஒருவர். கலகம் அடங்கி அரசர் எருசலேமுக்குத் திரும்பும் வேளையில், இனித் தம்மோடு வந்து தங்குமாறு பர்சில்லாயை அழைக்கின்றார். பர்சில்லாய்க்கு அப்போது வயது 80. உணவின் சுவை தமக்குத் தெரிவதில்லை, பாடுவோரின் குரல் காதில் விழுவதில்லை, அரசருக்குத் தாம் ஏன் சுமையாக வேண்டும் என்று அவர் மறுமொழி கூறுகின்றார். தாய் தந்தையரின் கல்லறை உள்ள ஊரிலேயே இறப்பதற்குத் தமக்கு விடை தருமாறு வேண்டுகின்றார்.

இவ்வரலாற்றில் என்னைப் பெரிதும் கவர்ந்தது தாவீதின் நடத்தையாகும். அரசர் அவரை வற்புறுத்தவில்லை. நன்றிக்கடனைத் தாம் நினைத்த விதத்திலேயே தீர்க்க வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கவுமில்லை. முதியவர் விரும்பியவாறே செய்வதாகச் சொல்லி, அவரை முத்தமிட்டு, ஆசி வழங்கி அனுப்பி வைக்கின்றார்.

நம் இல்லங்களில் பாரதூரமான நோய்வாய்ப்பட்ட முதியவர்களுக்கு இந்த மதிப்பு எந்த அளவுக்குக் கிடைக்கின்றது? டொரொன்டோவிலிருந்து மகனும் பாரிஸிலிருந்து மகளும் தொலைபேசியில் பேசுகின்றார்கள். உள்ளூரில் இருக்கும் மருமகன் வைத்தியரைச் சந்திக்கின்றார். சத்திரசிகிச்சையா, மருந்தா, கொழும்பா, உள்ளூரா என்பதெல்லாம் தீர்மானமாகி விடுகின்றது. நோயாளியோ அடுத்த அறையில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கின்றார். அன்பில் எக்குறையும் இல்லை. கடன்பட்டேனும் செலவு செய்ய ஆயத்தமாக இருக்கும் பிள்ளைகள்தாம் அவர்கள். ஆயினும் அவரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களுள் 12.4 வீதத்தினர் 60 வயதையோ அதற்கு மேற்பட்ட வயதையோ உடையவர்களாக இருந்தனர். இவ்வயதில் புற்றுநோய் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. சலரோகம், இரத்த அழுத்தம், இருதய நோய், மூட்டுவாதம் எனப் பல ஏற்கெனவே குடியிருக்கும் உடலுக்குள் அது வந்து சேர்கின்றது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கிளறிவிடும். நெடுநாட் சலரோகத்தால் பாதங்களும் விரல்களும் மரத்துப்போன ஒருவருக்கு, நரம்புகளைத் தாக்கக்கூடிய புற்றுநோய் மருந்துகளும் ஏற்றப்பட்டால், சட்டைப் பொத்தானைப் பூட்டுவதே பெரும் பாடாகி விடுகின்றது. செபமாலை மணியை விரல் உணர்வதில்லை. மருந்தேற்றும் நாளில் கூடவே கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் இரத்தத்தில் சீனியின் அளவை உயர்த்தி விடும். உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு வேறு. அதைப் பார்க்கும் பேரப்பிள்ளை, அப்பப்பாவுக்குச் சோம்பல் என்று நினைத்துக் கொள்ளும்.

வாய்ப்புற்றுநோயை இங்கு தனித்துக் குறிப்பிட வேண்டும். நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் அதுவே. வெற்றிலையும் புகையிலையும் மட்டுமல்ல, பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. கழுத்திலும் வாயிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரின் உமிழ்நீர் வற்றிப் போகின்றது. நாவின் சுவை மங்குகின்றது. பர்சில்லாயின் முறைப்பாடு அவருக்கு நன்கு விளங்கும். அந்நிலையில் இருப்பவரைப் பார்த்து, நீங்களே வெற்றிலை போட்டுத் தேடிக்கொண்டதுதானே என்று சொல்லிக்காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. நோயைவிடக் கொடிய சொல் அது.

வைத்தியர்கள் கட்டியின் அளவைச் சென்ரிமீற்றரில் அளக்கின்றார்கள். அது அவசியமே. ஆயினும் வாழ்க்கைத் தரத்தை அவ்வாறு அளக்க இயலாது என்பதை மருத்துவ உலகமே உணர்ந்துள்ளது. புற்றுநோயாளருக்கென ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கி 1993இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 30 கேள்விகள் உள்ளன. கடந்த ஒரு வாரத்தில் தமது வாழ்க்கைத் தரம் மொத்தத்தில் எவ்வாறு இருந்தது என்பதை, 1 முதல் 7 வரையான எண்களுள் ஒன்றைக் குறித்து நோயாளியே தெரிவிக்க வேண்டும் என்பது அதன் இறுதிக் கேள்வி. பின்னர் முதியோருக்கென்றே மேலும் 14 கேள்விகள் ஆக்கப்பட்டன. உடல் வலுவோடு, குடும்பத்தினர் எவ்வாறு சமாளிப்பார்கள் என்ற கவலையும், எதிர்காலம் பற்றிய அச்சமும் அவற்றில் இடம்பெறுகின்றன. முதியவரின் மனம் எங்கே நோகின்றது என்பதை அறிந்து ஆக்கிய கேள்விகள் அவை.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பெரிய தடை எழுகின்றது. நோயின் பெயரையே நோயாளிக்கு நாம் சொல்வதில்லை. நற்கருணை கொண்டு செல்லும் குருவானவரைப் படலையிலேயே மறித்து, "பாதர், அம்மாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று பிள்ளைகள் இரகசியமாக வேண்டுவார்கள். உள்ளே சென்றால் அந்த அம்மாவோ, "சுவாமி, எனக்கு என்ன வருத்தம் எண்டு தெரியும். பிள்ளையள் கவலைப்படுவினம் எண்டுதான் நான் ஒண்டும் கேக்கிறேல்லை" என்பார். ஒரே கூரையின் கீழ் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி மௌனம் காக்கின்றார்கள். அம்மௌனத்தால் யாருக்கு என்ன நன்மை? காணி உறுதி எழுதப்படாமல் போகின்றது. கோபித்துக்கொண்டு போன தம்பியை அழைத்துச் சமாதானம் பேச முடியாமல் போகின்றது. நல்ல பாவசங்கீர்த்தனம் ஒன்றும் தவறிப் போகின்றது. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுடைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்று அவரையே முதலில் கேட்கலாம். சிலர் தமக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்பார்கள். அதுவும் அவரது தீர்மானமே.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பார்க்கின்சன் நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 2005 பெப்ரவரியில் இருமுறை உரோமையிலுள்ள வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, தொண்டையில் துளையிடப்பட்ட நிலையில் மார்ச் மாதத்தில் திரும்பினார். உயிர்ப்பு ஞாயிறன்று சாளரத்தில் தோன்றிய அவரால் பேச முடியவில்லை. மாத இறுதியில் உடல்நிலை மோசமடைந்தபோது, அதன் கடுமை அவருக்கே தெரிவிக்கப்பட்டது. மீண்டும் வைத்தியசாலைக்குச் செல்லாமல் தமது இல்லத்திலேயே இருக்க விரும்புவதை அவர் தெரிவித்தார். ஏப்ரல் 2ஆம் திகதி, 84ஆவது வயதில், அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

அவர் வாழ்வைத் துச்சமாக எண்ணினாரா? இல்லை. கருணைக்கொலையை அவரைப்போல் வன்மையாகக் கண்டித்தவர் அரியர். உயிரை வேண்டுமென்றே போக்குவது ஒன்று. பயனை விஞ்சிய பெருஞ்சுமையாகிவிட்ட சிகிச்சையை வேண்டாமென விடுவது முற்றிலும் வேறொன்று. திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைக்கின்றது. அத்தீர்மானத்தை, இயலுமாயின் நோயாளியே எடுக்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. மகனோ மகளோ அல்லர், பங்குத்தந்தையும் அல்லர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த வயதில் இனி எதற்குச் சிகிச்சை என்று வீட்டார் கைவிட, வாழ ஆசைப்படும் முதியவர்களும் உள்ளனர். வயது ஒன்றே சிகிச்சையை மறுப்பதற்குக் காரணமாகாது. 75 வயதிலும் நல்ல உடல் வலுவுள்ளவர், பல நோய்களால் தளர்ந்த 60 வயதினரை விடச் சிகிச்சையை நன்கு தாங்கலாம். முன்னர் வடக்கிலிருந்து மகரகமவுக்குப் பஸ் ஏறித்தான் பலர் சிகிச்சைக்குச் செல்ல வேண்டியிருந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாட்கள் எனப் பல வாரங்கள் தொடரலாம். ஊரை விட்டு, உறவை விட்டு, மொழி விளங்காத இடத்தில் அவ்வளவு காலம் தங்க அஞ்சியே வேண்டாமென்றவர்கள் உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டப்பட்ட நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. முதியவர் வேண்டாம் என்று சொல்லும்போது, சிகிச்சையை வேண்டாம் என்கிறாரா, பயணத்தை வேண்டாம் என்கிறாரா, பிள்ளைகளுக்குச் செலவு வைக்க வேண்டாம் என்கிறாரா என்று பொறுமையாகக் கேட்டறிய வேண்டும்.

வேதனை பற்றியும் ஒரு தவறான எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. வலி தாங்குவதே புண்ணியம், மோர்பின் எடுத்தால் பாவம் அல்லது மரணம் நெருங்கிவிட்டது என்று அஞ்சுகின்றார்கள். 1957ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து வைத்தியர்களிடம் உரையாற்றுகையில், வேறு வழியில்லாதபோது, ஆயுள் ஓரளவு குறைய நேரினும் வேதனையைத் தணிக்க இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்தலாம் என்று தெளிவுபடுத்தினார். வைத்தியர் குறித்த அளவில் கொடுக்கப்படும் மோர்பின் பலருக்கு உறக்கத்தையும் உரையாடலையும் மீட்டுக் கொடுக்கின்றது. தம் வேதனையை ஆண்டவரின் பாடுகளோடு ஒப்புக்கொடுப்பது நோயாளியின் சுயவிருப்பம். அதை அவர்மேல் சுமத்த வீட்டாருக்கோ குருவுக்கோ உரிமையில்லை.

நோயில் பூசுதல் என்னும் திருவருட்சாதனத்தை இன்றும் பலர் 'அவஸ்தைப் பூசுதல்' என்றே அழைத்து, இறுதி மூச்சு வரை தள்ளிப் போடுகின்றார்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அது மரணப் படுக்கையில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று எனத் தெளிவாக அறிவித்தது. கடும் நோயுற்றவரும், முதுமையால் பெரிதும் தளர்ந்தவரும் அதைப் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். நினைவு தவறிய பின் எண்ணெய் பூசுவதை விட, தாமே வாய்திறந்து ஆமென் சொல்லும் காலத்தில் பெறுவது எவ்வளவோ மேல்.

இன்னுமொன்று. நற்கருணை உட்கொள்வதற்காகக் காலை மாத்திரையை நிறுத்தி, வெறும் வயிற்றோடு இருக்கும் சலரோகக்காரரான மூத்தவர்கள் நம் பங்குகளில் அநேகர். நள்ளிரவு தொடங்கி உபவாசம் இருந்த அக்காலப் பழக்கம் அது. தண்ணீரும் மருந்தும் உபவாசத்தை முறிப்பதில்லை. முதியவர்களுக்கும் நோயாளருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் ஒரு மணிநேர உபவாசம்கூடக் கட்டாயமில்லை. விழுங்க முடியாதவருக்கு நற்கருணையின் மிகச் சிறு துணுக்கே போதும். அதுவும் இயலாவிடில் ஆண்டவரின் திரு இரத்தத்தை மட்டும் வழங்கத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கின்றது. முதல் வெள்ளிக்கு முன்னரே பங்குத்தந்தையிடம் சொல்லி வையுங்கள்; ஒரு சிறு கரண்டியும் ஒரு மிடறு தண்ணீரும் கட்டிலருகே ஆயத்தமாக இருக்கட்டும்.