பலெர்மோவின் தெருச் சாப்பாடு: வந்தவர்களும் போனவர்களும்

எல்லர்ஸ்லியில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இத்தாலிச் சாப்பாடு என்றால் பீட்சாவும் பாஸ்தாவும்தான். கடந்த யூலையில் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போய்வந்தோம். அதன்பிறகு எங்கள் குசினியில் ஒரு புதுப் பலகாரம் சேர்ந்திருக்கிறது. கடலைமா ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, அளவாக உப்பு. கட்டிபடாமல் கரைத்து அடுப்பில் வைத்து, தொதல் கிண்டுவதுபோலக் கை ஓயாமல் கிண்ட வேண்டும். இறுகி வரும்போது பொடியாக அரிந்த பார்ஸ்லி இலையைப் போட்டு, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஆறியபின் துண்டு போட்டுப் பொரித்தால் முடிந்தது. பலெர்மோவில் இதன் பெயர் பனெல்லே. எள்ளுத் தூவிய பாணுக்குள் வைத்து, தேசிக்காய் பிழிந்து, தெருவில் நின்றபடியே சாப்பிடுவார்கள்.

அந்த நகரத்தின் வரலாற்றை அறிய அரும்பொருட் காட்சியகத்துக்குப் போகலாம். நாங்கள் பெரும்பாலும் வண்டில்களுக்கு முன்னால் நின்றுதான் படித்தோம். பினீசியர்கள் உண்டாக்கிய துறைமுகம் அது. 831இல் அராபியர் பிடித்தார்கள், 1072இல் நோர்மானியர் பிடித்தார்கள், பின்னர் ஸ்பானியர் ஆண்டார்கள். எலுமிச்சை, தோடை, கரும்பு, கத்தரிக்காய் எல்லாம் அராபியர் காலத்தில் அங்கே வேரூன்றியவை என்கிறார்கள். பனெல்லேயையும் அவர்கள் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

அரிசியும் அந்த வழியில் வந்ததுதான். குங்குமப்பூச் சோற்றை உருட்டி, நடுவில் இறைச்சிக் குழம்பு வைத்து, பாண் தூளில் புரட்டிப் பொரிப்பது அரஞ்சினா. தோடம்பழம்போல இருப்பதால் அந்தப் பெயர். அதன் வேர்ச்சொல் அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போய் எங்கள் நாரங்காயில் முடிகிறது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. இன்னொன்று: சிசிலிக்காரர் 'பானி' என்பதும், போர்த்துக்கேயரிடம் வாங்கி நாங்கள் 'பாண்' என்பதும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். பாண் கடையில் மச்சாளின் மகன் பேசியது எங்களுக்குப் பாதி விளங்கியதற்கு அதுதான் காரணம்!

டிசம்பர் 13, புனித லூசியா நாள். அன்று பலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646 பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்து சேர்ந்தபோது, மாவாக அரைக்கக்கூடப் பொறுக்காமல் சனம் கோதுமையை அவித்தே சாப்பிட்டதாம். அந்த நினைவில் இன்றும் அன்றைக்கு அவித்த கோதுமையும் அரஞ்சினாவும் பனெல்லேயும்தான்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது 'பானி கா மெவுசா'. கன்றின் மண்ணீரலையும் சுவாசப்பையையும் அவித்து, மெல்லிசாக வெட்டி, பன்றிக் கொழுப்பில் வதக்கிப் பாணுக்குள் வைப்பது. தேசிக்காய் மட்டும் பிழிந்தால் 'கலியாணமாகாதது'. சீஸ் சேர்த்தால் 'கலியாணமானது'. இதைத் தொடக்கியவர்கள் நகரத்து யூத இறைச்சிக்காரர் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மாடு அறுப்பதற்கு அவர்கள் மதம் கூலி வாங்க விடவில்லை. கூலிக்குப் பதிலாகக் கிடைத்த உள்ளுறுப்புகளைச் சமைத்து விற்றார்கள். 1492இல் ஸ்பானிய முடியாட்சி யூதர்களை வெளியேறச் சொன்னது. 1493 தொடக்கத்தில் சிசிலி யூதர்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சாப்பாட்டை, அவர்கள் தொடவே மாட்டாத பன்றிக் கொழுப்பில் வதக்கி, ஐந்நூறு வருடமாக ஊர் சாப்பிடுகிறது. பழைய யூதக் குடியிருப்பில் இப்போது தெருப்பெயர்களை இத்தாலியம், எபிரேயம், அரபு என மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பலகையின் கீழே நிற்கும்போது 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் நினைவு எங்களுக்கு வந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான்தான், சின்ன வயதில் ஐந்துசந்திப் பக்கம் தகப்பனோடு போய்ச் சாப்பிட்ட ரொட்டியைப் பற்றி நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மெவுசாவையும், துணி மூடிய கூடைக்குள் கைவிட்டு எடுத்துத் தரும் 'ஃபிரித்தொலா'வையும் தவிர்க்க வேண்டும். வெங்காயத் தாளைச் சுற்றி ஆட்டுக்குடலைக் கட்டிக் கரியில் சுடுவது 'ஸ்திக்கியோலா'. புகை வரும் திசையில் போனாலே போதும். 'ஸ்ஃபின்சியோனே' என்ற தடித்த பாணில் தக்காளி, வெங்காயத்தோடு நெத்தலியும் இருக்கும், சைவக்காரர் கவனம். அதை ஒலிபெருக்கியில் கூவி விற்கும் மூன்று சில்லு வண்டி எங்கள் ஊர் ஓட்டோவின் இத்தாலிய மூதாதை. வெள்ளிக்கிழமை விரதக்காரருக்குப் பனெல்லேயும் உருளைக்கிழங்குப் பொரியலும் இருக்கின்றன. பொரிக்கிற எண்ணெய் எதுவென்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் கிடைக்கிற பலாரோ சந்தைப் பக்கத்தில் தமிழ்க் குரல்களும் கேட்கும். எண்பதுகளில் இருந்தே எங்கள் சனம் பலெர்மோவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதியவர்களைப் பராமரிப்பதும் வீட்டு வேலையும்தான் பலருக்குக் கைகொடுத்தன. மச்சாளும் இருபது வருடம் ஒரு பாட்டியைப் பார்த்தவர். பனெல்லே கிண்டப் பழக்கியது அந்தப் பாட்டிதான். பதிலுக்கு மச்சாள் அவருக்கு இரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

1624இல் கொள்ளைநோய் வந்தபோது நகரத்தைக் காத்தவர் என்று பலெர்மோ கொண்டாடுவது புனித ரொசாலியாவை. அவருடைய குகைக்கோயில் இருக்கும் பெல்லெகிரீனோ மலைக்கு ஞாயிறுகளில் தமிழர்கள் ஏறுகிறார்கள். கிறிஸ்தவர்களும் போகிறார்கள், சைவர்களும் போகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. நாங்களும் விடிய வெளிக்கிட்டு ஏறினோம். பிள்ளைகளுக்கு பாதி வழியிலேயே பசி வந்துவிட்டது. மச்சாள் பையைத் திறந்தார்: பாணுக்குள் பனெல்லே, பக்கத்தில் சின்னப் போத்தலில் மாங்காய் ஊறுகாய்.