காற்றை நீக்கினால் மீன் கெடாதா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கச் செல்வதில்லை. எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வட்டாரத்தில் அந்நாள்களில் பெரிய மீன் கிடைப்பது அரிது. ஆகவே முன்கூட்டியே காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கிச் சேமிக்க விரும்புவோர், பையிலுள்ள காற்றை நீக்கி ஒட்டும் சிறு இயந்திரத்தை வாங்கலாமா என்று எண்ணுகின்றனர். அது என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். மீனின் கொழுப்பு இதனோடு சேர்ந்தால் காறல் வாடை உண்டாகிறது. மேலும், உறைந்த மீனிலிருந்து ஈரம் வெளியேறுவதால் அதன் மேற்புறம் வறண்டு வெளிறுகிறது. இயந்திரத்தின் பம்பு காற்றை உறிஞ்சுகிறது. சூடான கம்பி பையின் வாயை உருக்கி ஒட்டுகிறது. இதனால் இவ்விரு கேடுகளும் வெகுவாகக் குறைகின்றன.

அப்படியானால் நுண்ணுயிர்கள்? ஆக்சிஜன் இன்றிச் சில வளரமாட்டா, உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் இல்லாத இடத்தையே விரும்பும் நுண்ணுயிர்களும் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் அத்தகையது. நரம்புகளைத் தாக்கும் கொடிய நஞ்சை அது உண்டாக்கும். கடலடிச் சேற்றில் வாழும் அதன் ஒரு வகை, 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் மெல்ல வளரவல்லது. மீனில் கெட்ட வாடை தோன்றுமுன்பே நஞ்சு உண்டாகிவிடலாம். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேரேரிப் பகுதியிலிருந்து வந்த, காற்று நீக்கிய பைகளில் அடைத்த புகையூட்டிய மீனை உண்ட சிலர் இந்நஞ்சினால் மாண்டனர்.

எனவே இயந்திரத்தைவிட முதன்மையானது பிரீசர்தான். ஒட்டிய மீனை உடனே −18 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். பனி இளக வைக்கும்போது பையைத் திறந்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும்.

இனித் தேர்வுக்கு வருவோம். வீட்டுக்கான இயந்திரம் பெரும்பாலும் பையின் வாயை மட்டும் கவ்வுவது. விலை குறைவு, ஆனால் மீனின் நீரையும் உறிஞ்சிவிடும். துண்டுகளை ஓரிரு மணி நேரம் உறைய வைத்தபின் ஒட்டினால் இத்தொல்லை இராது. பையை முழுவதும் உள்ளே வைத்து மூடும் அறை வகையில் குழம்பையும் ஒட்டலாம். ஆனால் அது கனமானது, விலையும் அதிகம். எதுவாயினும், ஒட்டும் கோடு அகலமாக அல்லது இரட்டையாக இருக்கிறதா, அதற்கேற்ற பைகள் எளிதில் கிடைக்குமா, அவற்றின் விலை என்ன என்று கேளுங்கள். கவ்வும் வகைக்கு உட்புறம் வரிவரியாக அமைந்த பையே வேண்டும். முள் குத்தினால் பை பயன்படாது; செதில், துடுப்புகளை நீக்கிவிடுங்கள்.

பிரீசர் இல்லாத வீட்டில்? நன்கு உலர்ந்த மிளகாய்த்தூள், அப்பளம், பருப்பு ஆகியவற்றைக் கடற்காற்றின் ஈரத்திலிருந்து காக்க இயந்திரம் உதவும். பச்சை மீனுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அன்றைய மீனை அன்றே சமைப்பதுதான் நல்லது.