நிலநடுக்கத்துக்குப் பிறகு: ஜப்பானில் பாடம் நடத்தும் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கடலடியில் 9.0 அளவில் நிலம் நடுங்கியது. பின்னாலேயே சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. ‘ஜெட்’ திட்டத்தில் வந்து பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்த அமெரிக்கர் இருவர் சுனாமியில் இறந்தனர். உயிர் தப்பிய வெளிநாட்டினர் பலர் ஊர் திரும்பத் துடித்தார்கள். ஆனால், மறுநுழைவு அனுமதி வாங்காமல் கிளம்பினால் வசிப்புரிமை போய்விடும் என்பது அன்றைய விதி. அதனால் குடிவரவு அலுவலக வாசல்களில் வரிசை நீண்டது.

கிளம்பியவர்களை ‘ஃப்ளைஜின்’ (பறந்தோடிய வெளிநாட்டார்) என்று கேலி செய்தார்கள். அது அநியாயம். இருப்பதா போவதா என்பது அவரவர் முடிவு; ஆனால், காகிதங்களைச் சரிபார்க்காமல் போகாதீர்கள்.

2012 ஜூலையில் விதி தளர்ந்தது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் வசிப்பிட அட்டையும் இருந்தால், தனி அனுமதி இல்லாமலே வெளியேறி ஓராண்டுக்குள் திரும்பலாம். வசிப்புக் காலம் அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதிதான் கெடு. விமான நிலையத்தில் தரும் படிவத்தில், திரும்பி வரும் எண்ணம் உண்டு என்ற கட்டத்தில் குறியிட மறக்கக் கூடாது. பதற்றத்தில் அதை விட்டுவிட்டால் வசிப்புரிமையே போகும். இந்த ஓராண்டை வெளிநாட்டில் இருந்துகொண்டு நீட்டிக்கவும் முடியாது.

அடுத்தது சம்பளம். ஏற்கெனவே செய்த வேலைக்கான கூலியை, பேரிடர்ச் செலவுக்குத் தேவை என்று சொல்லி, சம்பள நாளுக்கு முன்பே கேட்கலாம். தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பள்ளி மூடியிருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா? கட்டடமே இடிந்திருந்தால் முதலாளிக்குக் கட்டாயமில்லை. கட்டடம் நன்றாக இருக்கிறது, மாணவர் வரவு குறைந்ததால் மூடினார்கள் என்றால், சராசரிக் கூலியில் குறைந்தது 60 சதவீதம் தரவேண்டியிருக்கலாம். எந்தப் பக்கம் என்று தெரியாதபோது முதலாளியின் சொல்லை மட்டும் நம்பாமல், தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகத்தில் கேளுங்கள். வேலை நேரத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ காயப்பட்டால், ‘ரோசாய்’ என்னும் தொழிலாளர் விபத்துக் காப்பீடு எந்த நாட்டவருக்கும் பொருந்தும்.

“ஒப்பந்தம் முடியுமுன் போனால் அபராதம்” என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். அபராதத் தொகையை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதை அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடை செய்கிறது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் காலவரை ஒப்பந்தத்தையும் முறிக்கலாம். ஆனால் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். எழுத்தில் தெரிவித்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டதை 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நியாயமான காரணமின்றி 3 மாதங்களுக்கு மேல் ஆசிரியப் பணியில் இல்லாதிருந்தால் வசிப்புரிமை ரத்தாகும் வாய்ப்பும் உண்டு.

வீடு சேதமானால், சுத்தம் செய்யத் தொடங்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு நகராட்சியில் ‘ரிசாய் ஷோமேஷோ’ என்னும் பாதிப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவரும் கேட்கலாம். உதவித்தொகை, தற்காலிக வீடு, வரிச் சலுகை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இதுதான் திறவுகோல். பெரும் பேரிடரில் வீடு முழுவதும் அழிந்த குடும்பத்துக்கு 10 லட்சம் யென் அடிப்படை உதவி உண்டு; தனியாக வசிப்பவருக்கு 7.5 லட்சம். வசிப்பிட அட்டை தொலைந்திருந்தால், அது தெரிந்த 14 நாட்களுக்குள் மறு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒப்பந்தம், பாஸ்போர்ட், அட்டை ஆகியவற்றின் படங்களை இன்றே உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட்டைப் பள்ளி நிர்வாகம் ‘பத்திரமாக’ வாங்கி வைத்திருந்தால், இன்றே திருப்பிக் கேளுங்கள்.