59,900 ரூபாய்க்கு ஹெட்போன்... காதுக்கா, கெத்துக்கா?

"அக்கா, இ.எம்.ஐ போட்டா மாசம் அஞ்சாயிரம்தான்!"

தம்பி வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் மொபைலில் காட்டியது ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஹெட்போன். அப்போது விலை 59,900 ரூபாய். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "இந்தக் காசுல ஒரு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கிடலாமேடா" என்றார். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. டெக் செய்தி எழுதுபவள் என்பதால், 'வாங்கலாமா, வேண்டாமா?' என்று தீர்ப்பு சொல்ல வேண்டியது நான்தான்!

புதிதாக ஒரு காஸ்ட்லி ஹெட்போன் வரும்போதெல்லாம் இந்தக் காட்சி பல வீடுகளில் நடக்கிறது. ஒரு பக்கம், 'இதுவரை கேட்காத இசையைக் கேட்கலாம்' என்ற ஆசை. இன்னொரு பக்கம், 'பெயருக்குத்தான் இந்த விலையோ?' என்ற சந்தேகம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு இதே ஹெட்போனின் கதையே நல்ல உதாரணம்.

முதல் ஆளாக வாங்கியவர்களின் கதை

2020 டிசம்பர் 8 அன்று ஏர்பாட்ஸ் மேக்ஸை ஆப்பிள் அறிவித்தது. அமெரிக்காவில் 549 டாலர். அதே ஆண்டு வெளியான சோனியின் டபிள்யூ.ஹெச்-1000 எக்ஸ்.எம்.4 அங்கே 350 டாலர். 'ஏன் 200 டாலர் கூடுதல்?' என்ற கேள்வி முதல் நாளே எழுந்தது. ஆனாலும் ஆர்டர்கள் குவிந்து, டெலிவரி தேதி வாரக்கணக்கில் தள்ளிப்போனது.

கைக்கு வந்த பிறகு பாராட்டும் கேலியும் சேர்ந்தே வந்தன. ஒலி, இரைச்சல் தடுப்பு, அலுமினிய உடல் ஆகியவற்றுக்குப் பாராட்டு. கேலி எல்லாம் உறைக்கு! 'ஹெட்போன் வாங்கினால் ஹேண்ட்பேக் இலவசமா?' என்கிற ரீதியில் மீம்கள் பறந்தன. ஆஃப் செய்ய பட்டன் இல்லை. எடை 384.8 கிராம். சோனியோ சுமார் 254 கிராம்தான்.

பெரிய ஏமாற்றம் அடுத்த ஆண்டு வந்தது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக்கில் தரம் குறையாத 'லாஸ்லெஸ்' பாடல்கள் வந்தன. ஆனால், அதே கம்பெனியின் விலை உயர்ந்த ஹெட்போனில் அவற்றை முழுத் தரத்தில் கேட்க முடியவில்லை. 2024 செப்டம்பரில் யு.எஸ்.பி-சி வசதியுடன் புது வண்ணங்களில் அதே ஹெட்போன் மீண்டும் வந்தது. உள்ளே பழைய ஹெச்1 சிப்தான். 2025-ல் வந்த அப்டேட்தான், கேபிள் இணைத்தால் லாஸ்லெஸ் கேட்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது. அதுவும் யு.எஸ்.பி-சி மாடலுக்கு மட்டும். முதல் வரிசையில் நின்று வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை!

விலை ஏறினால் ஒலி ஏறுமா?

2017-ல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர், 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு ஹெட்போனும் கனமான ஒலியை எவ்வளவு தருகிறது, மெல்லிய கீச்சொலியை எவ்வளவு தருகிறது என்று பார்த்ததில், அதற்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. அணியும் சுகம், உழைப்பு, இரைச்சல் தடுப்பு ஆகியவை இந்தக் கணக்கில் வராது. ஆனால், 'விலை அதிகம், அதனால் ஒலியும் உசத்தி' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

இன்னொரு உதாரணம், ஜெர்மனியின் சென்ஹைசர் 2015-ல் அறிவித்த ஹெச்.இ 1. அப்போது சொன்ன விலை சுமார் 50,000 யூரோ! பளிங்குக்கல் பெட்டிக்குள் வால்வுகள் ஒளிரும் ஆம்ப்ளிஃபயர் அது. 1,00,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்கிறார்கள். மனிதக் காது கேட்பதோ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். வயது ஏற ஏற அதுவும் குறையும். மீதியை வௌவால்தான் ரசிக்க வேண்டும்!

கண்ணைக் கட்டி ஒரு டெஸ்ட்

தீர்ப்புக்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. நண்பர்களிடம் இரவல் வாங்கிய காஸ்ட்லி ஹெட்போன் ஒன்று, சுமாரான விலையில் ஒன்று. தம்பியின் கண்ணைத் துண்டால் கட்டி, ஒரே பாட்டை இரண்டிலும் போட்டோம். ஐந்து முறையில் மூன்று முறை சரியாகச் சொன்னான். "எப்படிடா?" என்றால், "வெயிட்டை வெச்சுதான்" என்றான்.

ஆனால், அடுத்த நாள் பஸ்ஸில் போய்வந்தவன் வேறு கதை சொன்னான். "இன்ஜின் சத்தமே இல்லக்கா. எப்பவும் வைக்கிற சவுண்டுல பாதிதான் வெச்சேன்."

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்பது பாதுகாப்பான அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான். ரோட்டு இரைச்சலை ஜெயிக்க நாம் சவுண்டைக் கூட்டிக்கொண்டே போகிறோம். இரைச்சல் தடுப்பு இருந்தால் அந்தத் தேவை குறையும். அந்த வசதி 59,900 ரூபாய் ஹெட்போனில் மட்டும் இல்லை. அதில் சில மடங்கு குறைந்த விலையிலும் கிடைக்கிறது.

வாங்கும் முன்...

* அறிமுகமான வாரத்திலேயே ஆர்டர் போடாதீர்கள். சில மாதங்கள் காத்திருந்தால் உண்மையான குறைகள் வெளியே வரும், சலுகையும் வரலாம்.

* கடையில் அரை மணி நேரமாவது தலையில் மாட்டிப் பாருங்கள். கழுத்தும் காதும் வலிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

* காது மெத்தை, பேட்டரி மாற்ற என்ன செலவாகும் என்று கேளுங்கள்.

* மொபைல் செட்டிங்ஸில் சத்தத்துக்கு வரம்பு வையுங்கள். இதற்குக் காசு வேண்டாம்!

தம்பி என்ன செய்தான் என்கிறீர்களா? ஹெட்போன் இன்னும் கார்ட்டில்தான் இருக்கிறது. அவன் எடுத்துவிடவும் இல்லை, வாங்கவும் இல்லை. "ஆறு மாசம் போகட்டும்க்கா" என்கிறான். சவுண்டு வரம்பை மட்டும் அன்றைக்கே வைத்துவிட்டான். இப்போதெல்லாம் அம்மா ஒருமுறை கூப்பிட்டாலே அவனுக்குக் கேட்கிறது.