மார்கழியிலும் வியர்வை

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும்போது திருப்பதியில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்ணுக்கோ மார்கழி விடியற்காலையிலும் வியர்க்கும். திடீரென மார்பிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும்; சில நிமிடங்களில் ரவிக்கை நனைந்துவிடும்; பிறகு குளிரும். வயசுக் கோளாறு என்று வீட்டில் ஒதுக்கிவிடுவார்கள்.

காரணம் சிகிச்சையேதான். ஈஸ்ட்ரோஜனால் வளரும் ரகப் புற்றென்றால் அந்த ஹார்மோனை அண்டவிடாமல் தடுப்பது மாத்திரையின் வேலை. ஈஸ்ட்ரோஜன் தடைபட்டதும் உடல் சூட்டைக் கண்காணிக்கும் மூளைப் பகுதி தடுமாறுகிறது. இல்லாத உஷ்ணத்தை விரட்ட வியர்வையைத் திறந்துவிடுகிறது.

இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் 5 ஆண்டுகள், சிலர் 10 ஆண்டுகள், சாப்பிட வேண்டிய மாத்திரையை இதற்குப் பயந்து சத்தமில்லாமல் நிறுத்தினால் புற்று திரும்பும் வாய்ப்பு கூடும்.

மெனோபாஸுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரையும் இவர்களுக்கு ஆகாது. அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புற்று அதிகம் திரும்பியதால் ஸ்வீடனின் 'ஹாபிட்ஸ்' ஆய்வு 2003 டிசம்பரில் பாதியில் நிறுத்தப்பட்டது. மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சின் குறைந்த அளவில் அனலைத் தணிக்கும். இன்னொரு மனச்சோர்வு மருந்தான பராக்சிடினோ டமாக்சிஃபென்னின் வீரியத்தையே குறைக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சமாசாரமல்ல இது.

சித்தூர்ப் பக்கத்துப் பெண்கள் இதற்கெல்லாம் வேலூருக்கோ அடையாறுக்கோ பஸ் ஏறியதுண்டு. 2022 மே மாதம் திருப்பதி அலிபிரியில் புற்றுநோய் மருத்துவமனை திறந்த பின் தூரம் குறைந்தது. ஆனாலும் கூட்டம் நெரியும் ஓ.பி.யில், ஆண் டாக்டரிடம், ராத்திரி வியர்வை பற்றி எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? ஒரு நாளில் எத்தனை முறை, எந்த நேரம், காபிக்கும் காரத்துக்கும் பிறகா என்று ஒரு நோட்டில் குறித்து வைத்து, அதை அப்படியே நீட்டிவிடலாம்.