போதை ஊசியும் நம் பொறுப்பும்

வாளையாறு கடந்து பாலக்காட்டிலும், குமுளி, போடிமெட்டு வழியே இடுக்கி மலைகளிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. தோட்டமும் தொழிலும் சோறிட்ட இம்மண்ணில், நம் பிள்ளைகளை அணுகும் ஒரு தீங்கைப் பற்றிச் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டத்து வளாஞ்சேரியில், போதை மருந்தை ஊசி வழியே ஏற்றிக்கொள்வோருள் பத்துப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது 2025 மார்ச்சில் வெளியாயிற்று. அவர்களுள் வெளிமாநிலத் தொழிலாளரும் இருந்தனர். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தியதே காரணம் எனப்பட்டது.

ஊசிக்குழலில் எஞ்சும் சிறிதளவு இரத்தமே எச்.ஐ.வி.யையும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் ‘சி’ கிருமியையும் கடத்தப் போதுமானது. நீரில் கழுவுவதால் அபாயம் நீங்காது. இதனை அறியாதவர்தாம் ஊசியைப் பகிர்கின்றனர் என்று எண்ணுதல் தவறு, அறிந்தவரும் பகிர்கின்றனர். காரணம் என்ன?

முதலாவது, உடல் வேதனை. அபின் வகைப் போதைக்குப் பழகிய உடல், அது கிட்டாதபோது வலியாலும் வயிற்றுப்போக்காலும் துடிக்கிறது. அந்நேரத்தில் நாளைய நோயைவிட இன்றைய துன்பமே பெரிதாகத் தோன்றும். இரண்டாவது, அச்சம். ஊசியுடன் பிடிபடுவோமோ என்று அஞ்சுபவன் தனக்கென ஒன்றை வைத்துக்கொள்வதில்லை. மறைவிடத்தில், அவசரத்தில், கிடைத்ததைக் கையிலெடுக்கிறான். மூன்றாவது, தோழமை. ஊரையும் உறவையும் விட்டு வந்த இளைஞனுக்குக் கூட்டாளிகளே குடும்பம். அவர்கள் நீட்டும் ஊசியை மறுப்பது, நட்பையே ஐயுறுவதாக அவனுக்குப் படுகிறது.

இவ்வாறிருக்க, வீட்டிலும் வசையும் விலக்கலுமே கிடைக்குமாயின், அவன் அம்மறைவிடத்தையன்றி வேறெங்கே செல்வான்? மானம் போகுமென்று நாம் காக்கும் மௌனம், நோய்க்கே துணைசெய்கிறது.

மருத்துவம் கைவிட்ட நிலை அன்று இது. நாவின் அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரை, அபின் வகைப் போதையின் ஏக்கத்தைத் தணித்து ஊசியை விடத் துணைபுரிகிறது. ஹெபடைடிஸ் ‘சி’யைப் பெரும்பாலோருக்குச் சில மாத மாத்திரைகளால் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும், அடிமைப்பட்டோர் தாமே சிகிச்சைக்கு முன்வரின், சில நிபந்தனைகளுக்குட்பட்டு வழக்கினின்று விலக்களிக்கிறது.

கேரள அரசின் விமுக்தி சிகிச்சை மையங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. ஆலோசனைக்கு 14405 என்னும் எண்ணையும், எச்.ஐ.வி. பற்றி அறிய 1097 என்னும் எண்ணையும் அழைக்கலாம். பெற்றோர்களே, சினத்தை அடக்கி முதலில் பிள்ளையைப் பேசவிடுங்கள். பின்னர் அவனுடன் நீங்களும் மருத்துவரிடம் செல்லுங்கள்.